நான்கு வெள்ளைப் புள்ளிகள்

செத்துப்போன அப்பா தன் இளைய மகனின் உடம்புக்குள் என்ன எழுதிவைத்துவிட்டுப் போனார் என்று படித்துச் சொல்ல நாற்பதாயிரம் கேட்டார்கள். இளைய மகன் அதை இருபத்திரண்டுக்குப் பேசி முடித்தான். படியிறங்கும்போது மனைவியிடம், "இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருந்தா இருபதுக்கே வந்திருப்பான்" என்று வருத்தப்பட்டான்.

கடைத்தெருவில் அவன் பெயர் பாதிவிலை. அண்ணனும் அவனும் சேர்ந்து இரும்புச் சாமான் கடை நடத்தினார்கள். கீல், தாழ்ப்பாள், ஆணி, பூட்டு, குழாய். யார் என்ன விலை சொன்னாலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது அதில் பாதிதான். பல் பிடுங்கப் போன இடத்தில், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, ஒரு பல்லுக்குச் சொன்ன காசுக்கு இரண்டாகப் பிடுங்கச் சொன்னான் என்று ஒரு கதை உலவியது. பொய்யாக இருக்கலாம். ஆனால் கேட்டவர்களில் ஒருவரும் அதை நம்பாமல் போனதில்லை. கேட்ட விலையை அப்படியே நீட்டுகிறவனைக் கடைக்காரன் மனசுக்குள் கேனையன் என்று குறித்துக்கொள்வான், அடுத்த முறை துருப்பிடித்ததைக் கட்டிக்கொடுப்பான் என்பது அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஊட்டப்பட்ட பாடம்.

அப்பா சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வந்து செத்தார். திராட்சைக் குலை மாதிரி, உள்ளே காய்த்துக் காய்த்து, நல்ல சதையையெல்லாம் தின்று தீர்த்தன. அண்ணனுக்கும் அதே. வாரத்தில் மூன்று நாள் இரத்தத்தை இயந்திரத்தில் அலசிக்கொண்டு, மீதி நாள் கல்லாவில் உட்கார்ந்து தூங்கினார். தம்பியின் இரத்தம் பொருந்தியது. தம்பி ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தான். வாழ்க்கையில் அவன் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்ட ஒரே காரியம் அதுதான்.

மருத்துவர்தான் நிறுத்தினார். இந்த நோய் அப்பாவிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்குவது. தம்பியின் ஸ்கேன் சுத்தமாக இருந்தது, ஆனால் வயசு போதாது. கட்டிகள் இனிமேல்கூடக் கிளம்பலாம். டி.என்.ஏ.வில் நோயைக் கொண்டுவரும் அந்த எழுத்துப் பிழை அவனுக்கும் இருந்தால் அவன் கொடுக்கக் கூடாது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சம் ஒன்றோடு அந்த நோயை எதிர்கொள்வது, ஒற்றைக் காலோடு ஓடப் போவது மாதிரி. அதனால் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஒரு பரிசோதனைக்கூடத்தின் முகவரியைக் கொடுத்தார்.

பாதிவிலையின் மனைவி அன்றைக்குச் சமையலறையில் வைத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"சுத்தம்னு எழுதிக் குடுத்தாங்கன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். உங்க அண்ணன் எனக்கு அப்பா ஸ்தானம். ஆனா எனக்கு இருக்கிறது ஒரே ஒரு புருஷன், அதுக்கு மாத்து கிடையாது."

"மாத்துக்குத்தான் ரெண்டு வச்சு அனுப்பியிருக்கான் கடவுள்" என்றான் அவன்.

அவள் சிரிக்கவில்லை.

பரிசோதனைக்கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. முதலாளி முனைவர் பட்டம் வாங்கியவர். அவரை எல்லாரும் முனைவர் என்றே கூப்பிட்டார்கள். வாங்கிய இயந்திரத்துக்கு மாதாமாதம் வங்கிக்குக் கட்டிக்கொண்டிருந்தார். எடை போட்டால் தங்கத்தைவிட விலை கூடிய என்சைம்கள் பனிக்கட்டிப் பெட்டியில் வந்து இறங்க இறங்க அவருடைய தலைமயிர் உதிர்ந்துகொண்டிருந்தது. நாற்பது என்று சொன்னபோது முப்பதை நினைத்துத்தான் சொன்னார். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. பாதிவிலை இருபதில் ஆரம்பித்தான். இரண்டு தடவை எழுந்து கதவுவரை போனான். மூன்றாவது தடவை செருப்பையே மாட்டிவிட்டான். அண்ணனுக்கு இதே கூடத்தில் படித்தபோது, அவர்கள் கேட்ட நாற்பதை அண்ணி அப்படியே எண்ணி வைத்திருந்தாள்; ஒரே வீட்டில் இரண்டாவது உருப்படி, அதற்குத் தள்ளுபடி கிடையாதா என்று அதையும் இழுத்தான். முனைவர் கடைசியில் இருபத்திரண்டுக்கு இறங்கினார்.

விலையைக் குறைக்கிறவன் அதோடு எதைக் குறைக்கிறான் என்று சொல்ல மாட்டான். அது பாதிவிலைக்குத் தெரியாத சங்கதி இல்லை. அவன் கடையிலேயே, கீல் விலையை ஒருத்தன் அடித்துப் பேசினால் சிரித்த முகத்தோடு தலையாட்டிவிட்டு, உள்ளே போய் தகடு மெலிந்த கீலாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பான். தகட்டை விரலால் தடவிப் பார்க்கலாம். இரத்தத்தில் எதைத் தடவிப் பார்ப்பது? படித்தால் படித்தது, படிக்காவிட்டால் படிக்கவில்லை. அதில் கனமென்ன மெலிசென்ன என்று நினைத்தான்.

அவர்கள் போனதும் முனைவர் உள்ளே போய், வேலை செய்யும் பெண்ணிடம் நான்கு விரலைக் காட்டினார்.

"நாலு எடுத்தாப் போதும்."

"பத்து எடுப்போமே சார், எப்பவும்."

"பத்துக்கான காசை அவர் தரலைம்மா."

அந்தப் பத்தும் நாலும் என்னவென்று தெரிந்தால்தான் இந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது புரியும். மனிதருக்குள் டி.என்.ஏ.வின் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. இந்த வீட்டில் பிழை இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி உண்டு. அம்மாவின் பிரதியில் அது கொஞ்சம் நீளம், அப்பாவின் பிரதியில் குட்டை. அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால், அந்த இடத்தைத் தாண்டியதும், ஒரே கடிதத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் முன்னே பின்னே உரக்கப் படிப்பது மாதிரி ஒரு சொல்லும் விளங்காது. பிழை அந்தக் கூச்சலுக்குள் ஒளிந்திருக்கும். எனவே இரண்டு பேரையும் பிரித்து, தனித்தனி அறையில் உட்காரவைத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

பிரிக்கும் வேலையை அந்தப் பெண் நன்றாகச் செய்வாள். இரத்தத்தில் உப்பும் ஆல்கஹாலும் சேர்த்தாள், டி.என்.ஏ. வெள்ளை நூலாகத் திரண்டு வந்தது. வேண்டிய பகுதியை மட்டும் இயந்திரத்தில் சுடவைத்தும் ஆறவைத்தும் கோடிக்கணக்கில் நகலெடுத்தாள். ஜெல்லில் ஓட்டி, கோடு விழுகிறதா என்று பார்த்தாள். பிறகு வெட்டு. வெட்டும் என்சைம் தனக்குத் தெரிந்த ஆறு எழுத்தைக் கண்டால்தான் கத்தியை வைக்கும்; மற்றதைத் தொடாது. நகலின் இரண்டு முனையையும் வெட்டி, பிளாஸ்மிட் என்ற குட்டி டி.என்.ஏ. வளையத்தையும் அதே என்சைமால் வெட்டினாள். ஒரே கத்தியில் வெட்டிய விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தும். ஒட்டும் என்சைமை விட்டதும் நகல் வளையத்துக்குள் போய் உட்கார்ந்தது.

அடுத்தது பாக்டீரியா. பனிக்கட்டியில் விறைக்கவைத்து, சட்டென்று வெந்நீரில் காட்டினால் அதிர்ச்சியில் அது ஒரு வளையத்தை விழுங்கிவிடும். ஒரு பாக்டீரியாவுக்கு ஒரு வளையம். அதில் ஒரே ஒரு பிரதி, அப்பாவுடையது அல்லது அம்மாவுடையது. மருந்து கலந்த தட்டில் பரப்பினாள். அந்த மருந்தைத் தாங்கும் சக்தி வளையத்தில்தான் இருந்தது; அதை விழுங்காதவை செத்தன. விழுங்கியவை பெருகிப் புள்ளி புள்ளியாய்க் கிளம்பின. சரக்கு ஏறாத வெறும் வளையமென்றால் புள்ளி நீலம், சரக்கு ஏறியதென்றால் வெள்ளை. அந்தத் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் வேண்டிய மட்டும் இருந்தன. பல்குச்சியால் நான்கைத் தொட்டு எடுத்தாள். வளர்த்தாள். படித்தாள்.

திரையில் நான்கு நிறத்தில் மேடும் பள்ளமுமாக எழுத்துகள் ஓடின. பிழை இருக்க வேண்டிய இடம் நான்கிலும் சுத்தமாக இருந்தது. அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டே மேலே நகர்த்திப் பார்த்தாள். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் பகுதி நான்கிலும் ஒரே நீளம்.

முனைவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நாலும் அம்மாதான் சார். அப்பா இன்னும் வாயே திறக்கலை."

முனைவர் குனிந்து பார்த்தார். காசை நான்கு முறை சுண்டி நான்கு முறையும் ஒரே பக்கம் விழுவது ஒன்றும் அதிசயமில்லை; அதற்காகத்தான் பத்து எடுக்கிற வழக்கம். தட்டு அங்கேயே இருந்தது. வெள்ளைப் புள்ளிகள் அதில் இருந்தன. பெட்டி நிறையப் பல்குச்சி இருந்தது. மனுஷனாக இருந்தால் இன்னும் ஆறைத் தொட்டு எடுக்கச் சொல்லியிருப்பார். அவர் அந்த மாதம் வியாபாரியாக இருந்தார். இருபத்திரண்டுக்கு இறங்கிய வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. இழந்ததில் ஒரு பங்கையாவது மீட்கலாம் என்று பாதிவிலைக்குப் போன் போட்டார்.

நான்கை மட்டும் படித்தோம், அதில் உங்கள் அப்பாவின் பிரதி வரவேயில்லை என்று சொன்னால், ஏன் நான்கில் நிறுத்தினாய் என்று கேள்வி வரும். அதனால் அதைச் சொல்லவில்லை. கூடுதலாக ஒரு பத்தாயிரம் கட்டினால் இன்னும் ஆறு நகலைப் படித்துப் பார்த்துவிடலாம், உறுதி கூடும் என்றார்.

எதிர்முனையில் கடைச் சத்தம். யாரோ குழாயை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுவரைக்கும் படிச்சதுல என்ன சார் இருக்கு?"

"இதுவரைக்கும் பிழை இல்லைங்க. ஆனா…"

"ஆனா, அடுத்த ரகம் இன்னும் நல்லா இருக்கும். அதானே? சார், நானும் கடை வச்சிருக்கேன். பேசி முடிச்ச பிறகு ஆளைக் கூப்பிட்டு, அண்ணே, இந்தக் கீலுக்கு இந்த ஆணியப் போட்டாத்தான் நிக்கும்னு சொல்லி விக்கிறது நாங்க தினம் பண்றதுதான். இருபத்திரண்டு பேசினது பேசினதுதான். பிழை இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுங்க."

அந்தப் பெண் பக்கத்தில் நின்று முனைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிக்கொண்டு, "சரிங்க, உங்க இஷ்டம்" என்றார்.

பாதிவிலை அதைச் சாப்பிடும்போது மனைவியிடம் நடித்தே காட்டினான். முனைவரின் இழுவை, தயக்கம், 'ஆனா' என்று நிறுத்திய விதம் எல்லாம். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கடைக்காரன் பெண்டாட்டி, அவளுக்கும் அந்த ஆணி விற்கும் வித்தை தெரியும்.

அறிக்கை வந்தது. 'படிக்கப்பட்ட பிரதிகளில் குடும்பப் பிழை காணப்படவில்லை.' பொய் என்று யாரும் கை வைக்க முடியாத வாக்கியம். மருத்துவர் 'காணப்படவில்லை' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுத் தேதி குறித்தார். மனைவி இரண்டு தடவை படித்தாள். போட்ட நிபந்தனை நிறைவேறிவிட்டது, குறுக்கே நிற்கவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து அண்ணன் கண் திறந்ததும் முதலில் மூத்திரப் பையைத்தான் பார்த்தார். நிறைந்துகொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்து அழுதாள். வேறெந்த வீட்டிலும் அதற்கு யாரும் அழமாட்டார்கள். சில மாதத்தில் அண்ணன் கல்லாவில் தூங்குவதை விட்டார். வாடிக்கையாளரிடம் சண்டை போடும் அளவுக்குத் தேறினார். தம்பிக்கு ஒரு மகள் பிறந்தாள். பெரியப்பாவின் மடியில் உட்கார்ந்து ஆணியைத் தரம் பிரிக்கிற அளவுக்கு வளர்ந்தாள். அந்தக் காலத்தில் அந்த வீட்டுக்குப் போனவர்கள், இரண்டு வீட்டுச் சிரிப்பு ஒரே வீட்டில் கேட்டது என்று சொல்வார்கள்.

சிறுநீரகம் கொடுத்தவர்களுக்கு வருஷாவருஷம் ஸ்கேன் உண்டு. பாதிவிலைக்கு அது ஒரு சடங்கு. போவான், படுப்பான், ஸ்கேன் எடுக்கும் அம்மாளிடம் தள்ளுபடி கேட்டு வம்பிழுப்பான், வருவான். அந்த வருஷம் அந்தம்மாள், அவன் வயிற்றின்மேல் ஓட்டிய கருவியை ஓரிடத்தில் நிறுத்தி, அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தாள். மிச்சமிருந்த ஒற்றைச் சிறுநீரகத்தில் கறுப்பு வட்டங்கள். ஒன்றிரண்டல்ல.

"அண்ணனையும் கூட்டிட்டு வாங்க" என்றார் மருத்துவர்.

அண்ணனுக்குள் இருந்த தம்பியின் சிறுநீரகத்திலும் அதே கறுப்பு வட்டங்கள். இடம் மாறினாலும் அது பிறந்த வீட்டுப் புத்தியை மறக்கவில்லை.

இருவரும் மருத்துவமனை வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நம்ம கடை வாசல்ல ஒரு போர்டு இருக்குல்லடா."

"எது?"

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது."

தம்பி சிரித்துவிட்டான். அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று தம்பியின் சட்டையை, இடுப்புக்கு மேலே, தழும்பு இருந்த இடத்தில் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். "திருப்பித் தர முடியலையேடா" என்றார். "திருப்பித் தந்தாக்கூட இப்ப அது உதவாதேடா." தம்பி அந்தக் கை தானாக விடும்வரை உட்கார்ந்திருந்தான்.

பரிசோதனைக்கூடத்துக்கு அவன் மனைவி தனியாகப் போனாள். கையில் அந்தப் பழைய அறிக்கை. முனைவர் வெளியே போயிருந்தார். வேலை செய்யும் பெண் அறிக்கையில் இருந்த எண்ணைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டாள். யார், எதற்கு என்று கேட்கவில்லை.

உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். அந்தத் தட்டில் எடுக்காமல் விட்ட புள்ளிகளையெல்லாம் அன்றைக்கே வழித்து, கிளிசரின் விட்டு, சுண்டுவிரல் அளவு குழாயில் போட்டு அடியில் வைத்திருந்தாள். தூக்கிப்போட மனசு வரவில்லை. முதலாளியிடம் மறுபடி கேட்கவும் தைரியம் வரவில்லை. குளிரில் பாக்டீரியா சாவதில்லை. கேட்க ஆள் வரும்வரை அப்படியே கிடக்கும்.

ஒரு வாரம் கழித்து வரச்சொன்னாள். மறுபடி தட்டில் பரப்பி, ஆறு வெள்ளைப் புள்ளியைத் தொட்டு எடுத்திருந்தாள். அன்றைக்கு விட்டுப்போன ஆறு. திரையில் விரல் வைத்துக் காட்டினாள். இரண்டில் நீளம். நான்கில் குட்டை. குட்டையாக வந்த நான்கிலும், சற்றுத் தள்ளி, ஒரு எழுத்து காணாமல்போயிருந்தது. அண்ணனிடம் இருந்த அதே ஓட்டை.

"அன்னைக்கே இதை எடுத்திருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று கேட்டாள் மனைவி.

"தொட்டு எடுக்கவா? ஒரு நிமிஷம் ஆகாதுக்கா."

"சொல்லலாம்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. எனக்கு."

அந்தப் பெண்ணுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் சம்பளத்தைப் பற்றியது. அதை இந்த அறையில் வைத்துச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. மனைவியும் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தானும் சிரித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

கடைசியாக ஒருமுறை அவர்கள் அந்த மூன்று மாடியையும் ஏறினார்கள். இந்தத் தடவை இருவரும் சேர்ந்து, மகளோடு. பெரியவளாகும்வரை பரிசோதிக்க வேண்டாம், தெரிந்து என்ன செய்வாள் என்று மருத்துவர் சொல்லிப் பார்த்திருந்தார். "அவளுக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரியணும்" என்றாள் மனைவி.

முனைவர் எழுந்து நின்றார். முன்பு இருந்த மயிரும் இப்போது இல்லை. வழக்குப் போடப்போகிறார்களோ என்ற பயத்தில் இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம். குழந்தைக்குக் காசு வேண்டாம், இலவசமாகவே பார்த்துத் தருகிறேன் என்றார்.

பாதிவிலை அவரைப் பார்த்தான். அவனுடைய முகம் அப்போதே ஊத ஆரம்பித்திருந்தது.

"பாதி விலைக்கு நாலு எடுத்தீங்க. இலவசம்னா எத்தனை எடுப்பீங்க?"

முனைவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப முழு விலை என்ன?"

"ஐம்பது" என்றார் முனைவர், கேட்காத குரலில்.

அவன் ஐம்பதாயிரத்தை மேசைமேல் வைத்தான். எண்ணிப் பார்க்கச் சொன்னான். பெருவிரலால் நோட்டைத் தள்ளித் தள்ளி முனைவர் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தான். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேட்ட விலையைக் கொடுத்திருந்தான். அப்படிக் கொடுத்தவனைக் கடைக்காரன் எந்தக் கண்ணால் பார்ப்பான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் முனைவர் தலையை நிமிர்த்தவே இல்லை. உள்ளேயிருந்து வந்த பெண் குழந்தையின் கையைப் பிடித்து, மெல்லிய நரம்பைத் தேடி, ஊசியைக் குத்தினாள். குழந்தை அழவில்லை, குழாயில் ஏறும் சிவப்பை வேடிக்கை பார்த்தது. "பத்து எடுக்கிறேன்கா" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "பத்துலயும் அப்பா பேசலைன்னா, பேசற வரைக்கும் எடுக்கிறேன்."

இன்றைய தேதிக்குக் கணக்கு இப்படி நிற்கிறது. தாத்தா விட்டுப்போனது, கடை ஒன்று, மகன் இரண்டு, பிழை ஆளுக்கொன்று. அண்ணன் தம்பி இருவருக்கும் பிறப்பில் வந்த சிறுநீரகம் நான்கு. அதில் செத்து உள்ளேயே கிடப்பது இரண்டு. கைமாறியது ஒன்று, கட்டியோடு. கைவசம் ஒன்று, அதுவும் கட்டியோடு. பேரத்தில் மிச்சம் பிடித்தது பதினெட்டாயிரம். பேரம் இல்லாமல் கட்டியது ஐம்பதாயிரம். வரவேண்டிய பாக்கி, மகளின் பெயரில், பாதிக்குப் பாதி.